மூலத்தைத் தேடிப் படி

அன்புள்ள கண்ணு,

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளியில் பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். மனசு நிறைந்தது. நரேலாவிலிருந்து ஒரு நல்ல நூலகத்துக்குப் போய்த் திரும்பவே பகல் முடிந்துவிடுகிறது, கையில் இருப்பது போன் ஒன்றுதான், இணையத்தில் எதை நம்பிப் படிப்பது பெரியப்பா என்று கேட்டிருக்கிறாய். தளங்களின் பெயர்களைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். யார் எதைச் சொன்னாலும், அவர் எந்த ஆவணத்தைப் பார்த்துச் சொன்னார் என்று கேள். அந்த ஆவணத்தை எடுத்து நீயே படி. இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் எந்தத் தளத்தையும் நீயே எடைபோட்டுக்கொள்வாய்.

பழக ஆரம்பிக்க உனக்கு வெளியூர் உதாரணம் எதற்கு? நாம் வாழ்ந்த மதராசி கேம்ப்பையே எடுத்துக்கொள். பெயரைத் தட்டினால் 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் நம் ஜுக்கிகள் (குடிசைகள்) இடிக்கப்பட்ட வீடியோக்கள் வரும். நாலாவை (வடிகாலை) அடைத்த ஆக்கிரமிப்பு என்று ஒருவர் பேசுவார். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைத் துரத்திவிட்டார்கள் என்று இன்னொருவர் பேசுவார். கட்சிக்காரர்களின் அறிக்கைகளும், ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்ன செய்தியும் வரும். இத்தனைக்கும் அடியில் இருப்பது டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று பிறப்பித்த உத்தரவு. பாராபுல்லா நாலாவைத் தூர்வார வேண்டும், அதற்காக கேம்ப்பை அகற்ற வேண்டும், தகுதி உள்ளவர்களுக்கு நரேலாவில் வீடு தர வேண்டும் என்று சொன்ன உத்தரவு அது. அதைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அதை முழுக்கப் படித்திருப்பார்கள்? நீ படி. உயர் நீதிமன்றத்தின் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படிக்கும்போது எண்களைக் கவனி. கேம்ப்பில் 370 வீடுகள் என்று பல செய்திகள் சொல்கின்றன. ஆனால் தகுதி பெற்ற குடும்பங்கள் 189 என்று சிலர் எழுதினார்கள், 215 என்று சிலர் எழுதினார்கள். இரண்டில் ஒன்று பொய் என்று உடனே முடிவுகட்டாதே. தகுதிப் பட்டியல் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை; மேல்முறையீட்டில் பெயர்கள் சேரும். அதனால் எண்ணை எழுதிக்கொள்ளும்போது அது எந்தத் தேதிக் கணக்கு, யார் எடுத்த கணக்கு என்பதையும் கூடவே எழுதிக்கொள். தேதி இல்லாத எண்ணைத் தேர்வுத் தாளிலும் எழுதாதே, தெருவிலும் சொல்லாதே. 370-லிருந்து 215-ஐக் கழித்தால் மீதி 155. அந்த 155 குடும்பங்களில் நமக்குத் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. எண் தவறினால் அவர்களைப் பற்றி நாம் சொல்வதும் தவறிவிடும்.

உத்தரவைப் படித்தால் அது இன்னோர் ஆவணத்தைக் கைகாட்டும்: டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டு ஜுக்கி மறுவாழ்வுக் கொள்கை. டூசிப் என்று நாம் சொல்லும் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியத்தின் தளத்தில் அது இருக்கிறது. சில பக்கங்கள்தான். 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்த குடியிருப்பாக இருக்க வேண்டும், 2015 ஜனவரி 1-க்கு முன்பே கட்டிய ஜுக்கியாக இருக்க வேண்டும் என்கிறது. 2012, 2013, 2014, 2015 (ஜனவரி 1-க்கு முந்தையது) வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்கிறது. வாக்குரிமை என்று உன் பாடம் நடத்துவதை இங்கே வைத்துப் பார். ஓட்டுப் போடுவதற்கான பட்டியல், தலைக்கு மேல் கூரை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பட்டியலாகவும் ஆகிவிட்டது. வேலைக்காக ஊர் மாறியவர், ஊர்ப் பட்டியலிலேயே பெயரை விட்டுவைத்தவர், பெயரில் ஓர் எழுத்து பிழையானவர் எல்லாரும் என்ன ஆனார்கள் என்று யோசி. அரசியல் அறிவியலில் இதைவிடப் பெரிய கேள்வி குறைவு.

அதே கொள்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. இயன்றவரை இருக்கும் இடத்திலேயே, அல்லது 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மறுகுடியமர்த்த வேண்டும். விதிவிலக்கான நிலையில் வாரியத்தின் ஒப்புதலோடு அதைத் தாண்டலாம். ஜங்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர். அந்த விதிவிலக்கு எப்படி நியாயப்படுத்தப்பட்டது என்று உத்தரவில் தேடு. கோட்டிகளில் (பங்களா வீடுகளில்) வேலை பார்த்த நம் பெண்களுக்கு இந்த இரண்டு தூரங்களுக்கும் இடையில்தான் சம்பளமே போய்விட்டது.

இப்போது பாடப்புத்தகத்துக்கு வா. ஓல்கா டெல்லிஸ் வழக்கு, 1985 என்று ஒரு வரி கட்டாயம் வரும். பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. பயிற்சி மையங்களின் நோட்ஸ்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. தீர்ப்பை எடுத்துப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, உரிமையை ஏற்ற அதே நீதிமன்றம் நடைபாதைவாசிகளை அகற்றுவதைத் தடுக்கவில்லை. சில நிபந்தனைகளையும் மழைக்காலம் முடியும்வரை அவகாசத்தையும் மட்டுமே தந்தது. அடுத்தது நமக்கு நெருக்கமானது. மனுதாரர்களில் ஒருவர் அங்கமுத்து. சேலம் பக்கத்து நிலமற்ற கூலி. பஞ்சத்தில் வேலை இல்லாமல் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். 1981-இல் அவருடைய நடைபாதைக் குடிசையை இடித்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றி சேலத்துக்கே அனுப்பினார்கள். பிழைக்க வழியில்லாமல் அவர் திரும்பவும் பம்பாய்க்கே வந்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் உலகமே அறிந்த தீர்ப்புக்குள் நம் பக்கத்துக் கூலிக்காரரின் கதை இருக்கிறது. சுருக்கம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியாது. மூலம் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து டெல்லிக்கு வா. கணக்கெடுக்காமல், மாற்று ஏற்பாட்டைப் பற்றிப் பேசாமல் ஜுக்கிகளை அகற்றக் கூடாது என்று சொன்ன சுதாமா சிங் தீர்ப்பு, 2010. ஷகூர் பஸ்தி இடிப்பைத் தொடர்ந்து வந்த அஜய் மாக்கன் தீர்ப்பு, 2019. இவற்றையும் 2025 உத்தரவையும் வரிசையாக வைத்துப் படித்தால், நீதிமன்றத்தின் பார்வை எப்படி நகர்ந்திருக்கிறது என்பது உனக்கே தெரியும்.

இனி தளங்கள். சட்டத்தின் வாசகம் வேண்டுமானால் மத்திய அரசின் இந்தியா கோட். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இ-எஸ்சிஆர். 2023 முதல் இலவசம், பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழில் படித்துப் புரிந்துகொள், மேற்கோள் காட்டும்போது ஆங்கில மூலத்தோடு ஒப்பிடு. சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். விரைவாகத் தேட இந்தியன் கானூன் நல்லது, அது தனியார் தளம் என்பதை நினைவில் வை. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 முதல் நடத்திய விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின் நூலகத்தில் இருக்கின்றன. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் குடியேறி வாழும் உரிமையைத் தரும் 19-ஆம் பிரிவைப் பற்றி அங்கே என்ன பேசினார்கள் என்று தேடு. விழுப்புரத்திலிருந்தும் சேலத்திலிருந்தும் டெல்லிக்கு வந்த நம் எல்லாருக்கும் அது சொந்த விஷயம். மசோதாக்களைப் புரிந்துகொள்ள பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளம். தேர்தல் முடிவுகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகள். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரத்துக்கு மைநேதா. அதன் மூலம் வேட்பாளர்களே தந்த பிரமாணப் பத்திரம்.

அடிப்படைக் கோட்பாடுகளுக்கு என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகங்களைப் படி. பள்ளிப் புத்தகம்தானே என்று ஒதுக்காதே. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, கலைச்சொற்கள் தமிழில் மனதில் பதியும். பட்டப்படிப்புப் பாடங்களுக்கு இக்னோவின் இ-ஞான்கோஷ். ஆழமாகப் போக ஆசை வந்தால் ஸ்டான்ஃபோர்டின் தத்துவக் கலைக்களஞ்சியம். துறை அறிஞர்கள் பெயர் போட்டு எழுதுகிறார்கள், திருத்தங்களும் தேதியோடு இருக்கும். விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்து மூலத்துக்குப் போவதற்காகப் படி.

யூடியூப் பாடங்களைக் கேள், ஆனால் அங்கே கேட்டதை அப்படியே விடைத்தாளில் எழுதாதே. ஏஐ செயலியிடம் ஒரு பத்தியை விளக்கச் சொல்லலாம். அது ஒரு வழக்கின் பெயரோ பக்க எண்ணோ சொன்னால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று நீதிமன்றத் தளத்தில் பார்க்காமல் நம்பாதே. இல்லாத தீர்ப்பையும் இருப்பதுபோல் எழுதித்தரக்கூடியது அது.

கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மே 9 உத்தரவில் உன் மனதைப் புண்படுத்தும் வரிகள் இருக்கும். பொது நிலத்தில் குடியேறியவர்கள் மறுவாழ்வுக்கு மேல் வேறு உரிமை கோர முடியாது என்கிறது நீதிமன்றம். கோபம் வரும். வரட்டும். ஆனாலும் அந்த வாதத்தை, அதை எழுதியவரே ஒப்புக்கொள்ளும்படி உன் சொந்த வார்த்தைகளில் ஒரு பக்கம் எழுது. நாலா அடைத்தால் மழை வெள்ளம் யார் வீட்டில் புகும் என்பதையும் சேர்த்துக்கொள். அதன் பிறகு உன் மறுப்பை எழுது. எதிராளியின் வாதத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு எழுதும் மறுப்பைத்தான் எவரும் தள்ளிவிட முடியாது.

எல்லா ஆவணமும் இணையத்தில் இருக்காது. அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். நம் கேம்ப்பின் கணக்கெடுப்புப் பட்டியலையும், யார் யாருக்கு எந்தக் காரணத்தால் வீடு மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டு முதல் மனுவை நீ எழுத வேண்டும் என்பது என் ஆசை. வரும் பதிலை, மறுக்கப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல். தங்களைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு இதுவரை யாரும் படித்துச் சொன்னதில்லை. உன் படிப்புக்கு அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

மனு எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா