மழைக்காட்டின் விளைச்சலும் அதன் மண்ணும்

வானளாவ மரங்கள் நிற்கும் நிலத்தைக் கண்டால், 'இது நல்ல மண். திருத்தினால் பொன் விளையும்' என்று எண்ணுவது உழவருக்கு இயல்பு. உலகிலேயே மிகச் செழித்த வெப்பமண்டல மழைக்காட்டில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. அதன் காரணத்தை அறிவது நம் வயலுக்கும் பயன்படும்.

பிரேசில் நாட்டு அமேசான் காட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவே, பூமத்திய ரேகைக்கு 3 பாகை தெற்கில் மனௌஸ் நகரம் உள்ளது. அங்கு ஆண்டின் சராசரி வெப்பம் சுமார் 27 டிகிரி. மாதத்திற்கு மாதம் அது அதிகம் மாறுவதில்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 90 அங்குலம். ஆகஸ்டு மாதத்தையொட்டி மழை குறையுமேயன்றி அறவே நிற்பதில்லை. நமக்குச் சித்திரையும் உண்டு, ஐப்பசியும் உண்டு. அங்குள்ள மரத்திற்கோ ஆண்டு முழுதும் வளரும் பருவமே.

தாவர விளைச்சலை, நீர் நீக்கிய உலர்ந்த எடையில் கணக்கிடுவது வழக்கம். அமெரிக்க அறிஞர் ராபர்ட் விட்டேக்கர் 1970-களில் தொகுத்த உலகச் சராசரிகளை நாம் ஏக்கர் அளவுக்கு மாற்றிப் பார்த்தோம். மழைக்காட்டில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் சுமார் 9 டன் புதிதாக உண்டாகிறது. மிதவெப்ப நாடுகளின் இலையுதிர் காட்டில் 5 டன். வடகோடி ஊசியிலைக் காட்டில் 3 டன். மிதவெப்பப் புல்வெளியில் இரண்டரை டன். பாலைவனப் புதர்க்காட்டில் அரை டன்கூட இல்லை. பயிரிடும் நிலத்தின் சராசரியும் ஏறக்குறைய இரண்டரை டன்தான்.

'ஏக்கருக்கு 40 டன் கரும்பு வெட்டுகிறோமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. கரும்பில் பத்தில் ஏழு பங்கு நீர். அதைக் கழித்தாலும் 12 டன் நிற்கும். கரும்பு காட்டை வென்றுவிடுகிறது. ஆனால் அதற்கு நாம் மடைநீர் பாய்ச்சினோம், தொழுவுரமும் மூட்டை உரமும் இட்டோம். காட்டிற்கு எவரும் ஒரு பிடி உரமும் இட்டதில்லை.

பின்னர் அந்த 9 டன்னுக்கும் சத்து எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உதிர்ந்த இலைகளிலிருந்தே. வெப்பமும் ஈரமும் குறையாத அவ்விடத்தில் சருகு சில மாதங்களில் மக்கிவிடுகிறது. மேல்மண்ணில் பாய்போல் பின்னிக் கிடக்கும் வேர்கள், தம்மோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளின் துணையால், வெளிப்படும் சத்தை மழை அடித்துச் செல்லுமுன் பற்றிக்கொள்கின்றன. அன்றைய வரவு அன்றே செலவு. பெட்டியில் இருப்பு இல்லை. நெடுங்காலம் பெய்த மழை சுண்ணாம்பையும் பொட்டாஷையும் கழுவிச் சென்றமையால், அடியிலிருப்பது பெரும்பாலும் சத்தற்ற புளித்த மண்.

உக்ரைன் நாட்டுப் புல்வெளியில் நிலைமை தலைகீழ். புல்லின் ஆண்டு விளைச்சல் மழைக்காட்டில் ஏறக்குறையக் கால்பங்குதான். எனினும் குளிர்காலத்தில் மக்குவது நின்றுவிடுவதால், மடிந்த வேர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து ஒரு மீட்டர் ஆழம்வரை கருமண்ணாகியிருக்கின்றன. (நம் கரிசல் வேறு, அது வேறு.) இன்று அது கோதுமைக்குப் பேர்பெற்ற பூமி.

1970-இல் பிரேசில் அரசு அமேசான் காட்டின் ஊடே நெடுஞ்சாலை அமைக்கத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களை அதன் ஓரங்களில் குடியேற்றிற்று. அவர்கள் மரங்களை வெட்டி எரித்து நெல்லும் மக்காச்சோளமும் விதைத்தனர். நல்ல மண் வாய்த்த சிலர் தேறினர். மற்றவர்களுக்குச் சாம்பலின் சத்தில் ஓரிரு ஆண்டுகள் விளைந்தது. பிறகு விளைச்சல் விழுந்தது. பல நிலங்கள் கைவிடப்பட்டன, அல்லது மேய்ச்சல் தரையாயின.

அதே அமேசானில் 'தெர்ரா பிரேட்டா' எனப்படும் கறுப்பு மண் திட்டுகளும் உண்டு. பழங்குடி மக்களின் பண்டைக் குடியிருப்புகளில் அடுப்புக்கரியும் மீன் எலும்பும் சமையற் கழிவும் பானையோடும் பல தலைமுறைகள் சேர்ந்து உண்டான மண் அது. இன்றும் உழவர்கள் அதை விரும்பிப் பயிரிடுகின்றனர். 'அவர்களும் எரித்தவர்கள்தாமே?' எனலாம். கொழுந்துவிட்டு எரிந்தால் எஞ்சுவது சாம்பல். அதன் சத்து மழையில் கரைந்தோடும். காற்றுக் குறைந்து புகைந்தால் எஞ்சுவது கரி; அது நூற்றாண்டுகள் நின்று சத்தைப் பிடித்து வைக்கும்.

நம் ஊர் வெப்பத்திலும் மண்ணின் மக்கு விரைவில் தீர்ந்துவிடும். கரும்பு வெட்டியபின் ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் சோகை கிடக்கிறது. அதைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். பார்களுக்கு இடையே பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மறுதாம்புக்கு உரமுமாகும். பஞ்சாயத்துப் புறம்போக்கில் உதிரும் சருகைக் குப்பைக் குழியில் சேர்ப்பதையும், கரும்பு வெட்டுத் தொடங்குமுன் கூடும் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் எடுத்துப் பேசலாம்.