புறத்தார் கதி: கத்தோலிக்கர் கொள்கை ஆராய்ச்சி

பிறர் மதத்தை மறுக்கப் புகுமுன், அம்மதத்தார் கொள்கையை அவர் கூறுமாறே நிறுத்திக் காட்டுவது சிவஞான சித்தியார் பரபக்கத்தின் முறை. பிறர் கொள்ளாததொன்றை அவர்மேல் ஏற்றி மறுத்தல் ஆசிரியர் நெறியன்று என்பது இதனாற் பெறப்படும். அந்நெறி பற்றி, கத்தோலிக்கர் கொள்கையொன்றனை ஈண்டு ஆராய்வாம். திருச்சபைக்குப் புறம்பே ஈடேற்றம் இல்லை என்பது அது. இதனைக் குறித்து இருவேறு கூற்று வழங்கக் கேட்கின்றோம். கத்தோலிக்கர் தம்மவரொழிந்தார் அனைவரையும் மீளா நரகிற்கு உரியர் என்பர் என ஒரு சாரார் கூறுவர். அவர் அதனைக் கைவிட்டு எல்லாச் சமயமும் ஒன்றே என ஒப்பினர் என மற்றொரு சாரார் கூறுவர். இரண்டும் பிழை என்பதே யாம் காட்டப் புகுந்தது.

முதற்கண், இக்கொள்கையின்கண் உள்ள முடிச்சினை அறிதல் வேண்டும். இறைவன் மாந்தர் எல்லாரும் ஈடேற விரும்புகின்றான் என்பதும், இறைவனுக்கும் மாந்தர்க்கும் இடைநிற்பவர் கிறிஸ்து ஒருவரே என்பதும், திமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதனை மட்டும் கொள்ளின் திருச்சபை வேண்டாததாய் முடியும். பின்னதனை மட்டும் கொள்ளின், கிறிஸ்துவின் பெயரும் கேளாது இறந்த எண்ணிறந்த உயிர்கள்மாட்டு இறைவன் அருள் செல்லாதென முடியும். அவர் மறுபிறப்புக் கொள்ளாமையின், இவ்வொரு பிறவியில் தவறியது பின்னர்க் கூடுதல் இல்லை. மலபரிபாகம் வருந்துணையும் முதல்வன் உயிரைப் பிறவிதோறும் நடத்துவன் என்னும் நமக்கு இவ்விடர் அத்துணை நெருங்குவதன்று. அவர்க்கோ இஃது உயிர்நிலையான வினா.

இனி, இம்மொழி பிறந்த இடம் நோக்குவாம். வட ஆப்பிரிக்காவிற் கார்த்தேசு நகரத்து மேற்றிராணியாராயிருந்து 258-இல் உயிர்ப்பலியான சிப்பிரியானார் இதனைக் கூறியவருள் முதன்மையானவர். அவர் திருச்சபையினின்றும் பிரிந்து தனிக்கூட்டம் வகுத்தாரையும் அவர்தம் ஞானஸ்நானத்தையும் குறித்தே இது கூறினார். அகத்திருந்து வெளியேறினாரை மீள அழைக்கும் எச்சரிக்கையே ஆண்டுப் பொருள். கேளாத நாட்டார் கதி ஆண்டு வினாவன்று. காலஞ் செல்லச் செல்ல அச்சொல் புறச்சமயத்தார் மேலும் சென்றது. பிரான்சு மன்னன் நான்காம் பிலிப்புடன் மாறுபட்ட எட்டாம் போனிப்பாசு 1302-இல், ஈடேற்றத்திற்கு மாந்தர் யாவரும் உரோமைப் பாப்பரசர்க்கு அடங்குதல் வேண்டுமென விதித்தார். பிளாரன்சுப் பொதுச்சங்கம் 1442-இல், அவிசுவாசிகளும் யூதரும் பதிதரும் பிரிவினையாளரும் இறக்குமுன் திருச்சபையிற் சேராராயின் அணையாத் தீயினைச் சேர்வர் என்றது. இஃது உள்ளது, இதனை மறைத்தல் ஆகாது. ஆயின் அக்காலத்தார், நற்செய்தி உலகெங்கும் சென்றுவிட்டது, ஆகலின் புறத்து நிற்பார் அறிந்தே மறுத்தவராவர் என எண்ணினர் என்பதும் உடன் நோக்கத்தக்கது.

அக்காலத்திலேயே மாற்றுவழியும் இருந்தது. 1274-இல் இறந்த அக்குவினாஸ் தோமையார், காட்டில் விலங்கினிடை வளர்ந்த ஒருவனை எடுத்து ஆராய்ந்தார். அவன் இயல்பறிவின் வழிநின்று நன்மையை நாடித் தீமையை விலக்குவானாயின், இறைவன் அகத்தே உணர்த்தியோ ஒரு போதகனை விடுத்தோ அவனுக்கு வேண்டுவதனை அறிவிப்பன் என்றார். நீரால் ஞானஸ்நானம் பெறாதானும் அதன்கண் வேட்கையுடையனாயின் அப்பயன் பெறுவன் என்பதும் அவர்க்கு உடன்பாடு. திரெந்துச் சங்கம் 1547-இல் அவ்வேட்கையினை ஏற்றது. இதற்கிடையே, 1492-இல் அமெரிக்கா ஐரோப்பியர்க்குப் புலனாகவே, காட்டிலொருவன் என்னும் எடுத்துக்காட்டு ஒரு பெருநிலப்பரப்பு முழுதுமாய் விரிந்தது. சலமாங்கா நகரத்து ஆசிரியர் விற்றோரியா 1539-இல், கேளாத அம்மக்கள் விசுவசியாமை குற்றமன்று என்றார். ஏற்கத்தக்க சான்றின்றி அறிவித்த மாத்திரையே அவரைக் கடமைப்படுத்தாது என்றும், ஆண்டுச் சென்றார் இழைத்த கொடுமைகள் தம் செவிக்கு எட்டியுள்ளன என்றும் கூறினார். போதிப்பவன் ஒழுக்கமே கேட்பவனுக்குத் தடையாதல் கூடும் என்னும் இதனை எச்சமயத்தாரும் நெஞ்சிற் கொள்ளற்பாலர்.

பின்னர், திருச்சபைக்குப் புறம்பே அருளே இல்லை என்றாரது கூற்று 1713-இல் விலக்கப்பட்டது. ஒன்பதாம் பத்திநாதர் 1863-இல், தம்மாற் களையலாகாத அறியாமையுடையார், மனத்துப் பதிந்த அறத்தின் வழி நிற்பின் நித்திய வாழ்வு அடைதல் கூடும் என்றும், அறிந்தும் பிடிவாதமாய் மாறுபட்டு நிற்பார் அடையார் என்றும் இரண்டனையும் ஒருங்கே கூறினார்.

இக்கொள்கையின் நுட்பம் முழுதும் ஒரு வழக்கில் விளங்கும். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரைச் சார்ந்த கேம்பிரிட்சில் இயேசு சபையினரான லெனார்டு பீனி என்னும் குரு, அம்முதுமொழியைச் சொற்கிடந்தவாறே கொண்டு, உருவாகத் திருச்சபையிற் சேராதார் எவரும் ஈடேறார் எனப் போதித்தார். 1949 ஆகஸ்டு 8-இல் உரோமையிற் கொள்கை காக்கும் சபை பாஸ்டன் அதிமேற்றிராணியார்க்கு ஒரு நிருபம் விடுத்தது. அம்முதுமொழி பிழையாதென்றும், ஆயின் அதனைத் திருச்சபை தான் உணருமாறே உணர்தல் வேண்டுமென்றும் அது கூறிற்று. அறியாமையுடையான் இறைவன் திருவுளத்திற்குத் தன் உளத்தை இயைவிக்கும் நல்விருப்பினுள் திருச்சபை வேட்கையும் அடங்கிக் கிடக்கும் என்றது. எனினும், எவ்வகை விருப்பமும் அமையாது, விசுவாசமும் நிறையன்பும் வேண்டும் என வரையறுத்தது. பீனி இணங்காமையின் 1953-இல் விலக்கப்பட்டு, 1972-இல் மீளச் சேர்க்கப்பட்டார். புறம்பே ஈடேற்றமில்லை என மிக வலிந்து கூறியவரே பத்தொன்பதாண்டு புறத்து நின்றார். சிப்பிரியானார் தம் எச்சரிக்கை முதலிற் பிரிந்துபோவாரை நோக்கியது என்றேமன்றோ? அதனை இவ்வழக்கு மீண்டும் நினைப்பிக்கின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேரிய நெஞ்சொடு இறைவனைத் தேடி, அருளால் ஏவப்பட்டு, மனச்சான்றின் வழி ஒழுகுவார் நித்திய ஈடேற்றம் பெறக்கூடும் என்றது. திருச்சபை இன்றியமையாதது என அறிந்தும் அதனுட் புகாதாரும் நில்லாதாரும் ஈடேறார் என்பதும் அவ்வேட்டிலேயே உளது. 1965-இல், பிற சமயங்களில் உள்ள மெய்யும் தூயவும் ஆகியவற்றுள் எதனையும் தள்ளுவதில்லை என்றது. ஆயினும் 2000-இல் வெளிவந்த உரோமை ஏடு, பிற சமயத்தார் அருள் பெறுதல் கூடும் எனினும், திருச்சபையினுள்ளாரை நோக்க அவர் நிலை பெரிதும் குறைபாடுடையது என்றது. எல்லாச் சமயமும் ஒன்றே என்பது அவர் கொள்கையன்று என்பது இதனால் இனிது விளங்கும்.

அற்றேல், 1442-க்கும் 1964-க்கும் முரணில்லையோ எனின், கூறுதும். குற்றமுடையானே கதியிழப்பான் என்பது ஈரிடத்தும் ஒன்றே. யார் குற்றமுடையார் என்னும் துணிபே மாறிற்று என அவருட் பலர் அமைதி கூறுவர். அது பெரும்பாலும் பொருந்தும். ஆயின் பிளாரன்சுச் சங்கத்தார் இன்று வந்து இதனைக் கேட்பின் வியவாதிரார் என்பதூஉம் எமக்குத் தோன்றுகின்றது.

இனி எஞ்சிய வினா ஒன்று. புறத்தான் ஈடேறுவது தன் சமயத்தாலோ, தன் சமயம் அவ்வாறிருப்பவுமோ? 1984-இல் இறந்த கார்ல் இரானர், அத்தகையான் பெயரறியாக் கிறிஸ்தவன் என்றார். தான் வேண்டாத பெயரை ஒருவன்மேல் இடுதல் தகுமோ என அவர் சமயத்தாரும் வினவினர். நாமும் அவ்வாறே வினவுதற்குமுன் நம்மை நோக்குதல் வேண்டும். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களை வகுத்துப் பிறவற்றைப் படிகளாக வைத்தோம். படியென நாம் கூறும் இடத்தில் நிற்பவன், தான் படியில் நிற்பதாக எண்ணான். முடிவில் நிற்பதாகவே எண்ணுவான். ஆகலின் பிறர்பால் வினவும் வினாவிற்கு நாமும் விடையிறுக்கக் கடவோம். பிறர் கொள்கையை உள்ளவாறு அறிதலின் பயன், நம் கொள்கையை மேலும் கூர்ந்தறிதலேயாம் என்க.