யோசனை தொழிலாவது எவ்வாறு?

நமது கிராமங்களில் யோசனைகளுக்குப் பஞ்சம் இல்லை. தேநீர்க் கடையிலும், கிராம சபையிலும், மகளிர் குழுக்களின் வாராந்திரக் கூட்டங்களிலும் புதுத் தொழில் பற்றிய பேச்சு நாள்தோறும் நடைபெறுகின்றது. எண்ணெய்ச் செக்கு வைக்கலாம், முருங்கை இலையைப் பொடியாக்கி விற்கலாம், வயல்களுக்கு ட்ரோன் மூலம் மருந்து தெளித்துக் கூலி பெறலாம் என்று பலரும் கூறுகின்றனர். இவற்றுள் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை, கடன் பெற்று, இயந்திரம் வாங்கி, ஓராண்டு உழைத்த பின்னரே நாம் அறிந்துகொள்கின்றோம். அவ்வறிவுக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. அதே அறிவை ஒரு வார இறுதிக்குள் சிறு செலவில் பெறும் முறை ஒன்று உலகின் பல நகரங்களில் கையாளப்பட்டு வருகின்றது. அம்முறை யாது, அதில் ஊராட்சிகள் மேற்கொள்ளத்தக்கவை யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

ஓர் அனுபவம்

ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். அதனையடுத்து, நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் மகளிர் குழு ஒன்று பாக்குமட்டைத் தட்டு செய்யும் தொழிலைத் தொடங்க விரும்பியது. யோசனை நல்லது, காலமும் ஏற்றது. கடன் கிடைத்தது, இயந்திரமும் வந்தது. அவ்விண்ணப்பத்தைப் பரிந்துரைத்தவர்களுள் நானும் ஒருவன்.

பின்னர் நிகழ்ந்தது வேறு. அவ்வட்டாரத்தில் பாக்குத் தோப்புகள் இல்லை. மட்டையைத் தொலைவிலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டியிருந்தது. குழுவினர் வாங்கிய அச்சுகள் பெரிய சாப்பாட்டுத் தட்டுக்கு உரியவை. ஆனால் அருகிலிருந்த கோயிலும் சிற்றுண்டிக் கடைகளும் கேட்டவை சிறு தொன்னைகளே. திருமண வீட்டாரோ வாழையிலையை விடுவதாக இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து நான் சென்றபோது, இயந்திரம் சாக்கு போர்த்தப்பட்டு ஒரு மூலையில் கிடந்தது. அப்பெண்கள் கூலி வேலைக்குச் சென்று கடன் தவணையைச் செலுத்திக்கொண்டிருந்தனர். "அந்தக் கடைக்காரரை முன்னமே போய்க் கேட்டிருக்கலாமே, ஐயா" என்று அவர்களுள் மூத்தவர் என்னிடம் கூறினார். அச்சொல்லுக்கு என்னிடம் விடை இல்லை. முன்கூட்டியே சென்று கேட்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

முறையின் தோற்றம்

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்னும் நகரம் உள்ளது. அங்கு 2007ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹைட் என்பவர் 'ஸ்டார்ட்அப் வீக்கெண்ட்' என்ற கூட்டத்தை முதன்முதலாகக் கூட்டினார். வார இறுதியில் ஒரு புத்தொழிலைத் தொடங்குதல் என்பது அப்பெயரின் பொருள். முதற் கூட்டத்தில் ஏறக்குறைய 70 பேர் சேர்ந்து ஒரே நிறுவனத்தை உருவாக்க முனைந்தனர். பின்னர் நடைபெற்ற கூட்டங்களில், வந்தவர்கள் பல சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு யோசனையை மேற்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. சில ஆண்டுகளில் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. 2015ஆம் ஆண்டில் டெக்ஸ்டார்ஸ் என்னும் நிறுவனம் இதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

கூட்டம் 54 மணி நேரம் நடைபெறும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இரவு முடிவடையும்.

மூன்று நாள்களின் நடைமுறை

முதல் நாள் மாலை, யோசனை உடையவர் ஒவ்வொருவரும் எழுந்து அதனைக் கூறவேண்டும். அதற்கு அளிக்கப்படும் நேரம் 60 விநாடி. இன்னாருக்கு இன்ன தொல்லை உள்ளது, அதனை இவ்வாறு நீக்கலாம், அதற்கு எனக்கு இத்தகைய துணை வேண்டும் என்பவற்றைக் கூறினால் போதும். பிறகு வந்திருப்போர் அனைவரும் வாக்களிப்பர். மிகுந்த வாக்குப் பெற்ற யோசனைகளைச் சுற்றிக் குழுக்கள் அமையும். பொருளைச் செய்யத் தெரிந்தவர், விற்கத் தெரிந்தவர், பார்ப்பவர் விரும்பும் வண்ணம் வடிவமைக்கத் தெரிந்தவர் என்று மூவகைத் திறனும் ஒரு குழுவில் இருத்தல் நன்று.

இரண்டாம் நாளே இம்முறையின் உயிர்நாடி. குழுவினர் அரங்கை விட்டு வெளியே சென்று, தங்கள் பொருளை வாங்கக்கூடியவர்களைச் சந்தித்துப் பேசுவர். பெரும்பாலும் முதல் நாள் யோசனை இங்கு மாறுதல் அடையும். சில வேளைகளில் முற்றிலும் கைவிடப்படும். அனுபவமுடைய ஆலோசகர்கள் குழுதோறும் சென்று வினாக்களை எழுப்புவர். குழுவினர் தாங்கள் கேட்டறிந்தவற்றுக்கு ஏற்ப ஒரு மாதிரிப் பொருளைச் செய்யத் தொடங்குவர்.

மூன்றாம் நாள் மாலை ஒவ்வொரு குழுவும் சில நிமிடங்களில் தன் தொழிலை நடுவர்கள் முன் விளக்கும். வாங்குவோரிடம் கேட்டு உறுதி செய்தனரா, வரவு எவ்வழியில் வரும், செய்து காட்டியது என்ன என்பவையே நடுவர்கள் ஆராயும் முக்கியச் செய்திகள். பேச்சின் அழகை மட்டும் கொண்டு பரிசு பெற இயலாது.

ஒரு வெற்றி

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் இத்தகைய கூட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கு மூன்று இளைஞர்கள் ஒரு கணினி நிரலின் மாதிரியை உருவாக்கினர். ஒரு மென்பொருளில் பதிந்த விவரத்தை மற்றொரு மென்பொருளில் மறுபடியும் கையால் பதியும் வேலையை அது நீக்கிற்று. இன்று உலகெங்கும் பயன்படும் ஜேப்பியர் என்னும் நிறுவனம் அவ்வாறு தோன்றியதே.

அவர்கள் வார இறுதி முடிந்தவுடன் செல்வந்தராகிவிடவில்லை. தம் அன்றாட வேலைகளுக்கு இடையே இரவிலும் விடுமுறையிலும் அதனை வளர்த்தனர். 'இவ்விரு மென்பொருள்களை இணைக்க வழி இல்லையா?' என்று இணையத்தில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவர்களைத் தேடிச் சென்று, அவர்களையே முதல் வாடிக்கையாளர் ஆக்கினர். கேட்பவன் இருக்கும் இடத்திற்குச் சரக்கைக் கொண்டு செல்வது சந்தையின் பழைய பாடந்தான். அவர்கள் அதனைப் புதிய துறையில் கடைப்பிடித்தனர்.

எனினும், இத்தகைய கூட்டங்களில் பிறக்கும் யோசனைகளுள் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடுகின்றன என்பதை மறைத்தல் தகாது. ஆனால் அதனைத் தோல்வி என்று கொள்ளவேண்டியதில்லை. ஒரு யோசனை இரண்டு நாளில் கைவிடப்பட்டால் இழப்பு இரண்டு நாள் உழைப்பே. கடன் பெற்ற பின் கைவிடப்பட்டாலோ, இழப்பு ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

கணக்கு எவ்வாறு போடுவது?

பாக்குமட்டைத் தட்டு யோசனையை இம்முறையில் சோதித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கிடும் வழியைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. இடத்திற்கு இடம் அவை மாறும்.

ஒரு நாளில் 400 தட்டுகள் செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை உட்பட ஒரு மட்டையின் விலை 4 ரூபாய். ஒரு மட்டையில் 2 தட்டுகள். ஆகவே தட்டு ஒன்றுக்கு மட்டைச் செலவு 2 ரூபாய். இருவருக்கு ஆளுக்கு 300 ரூபாய் கூலி எனில், தட்டு ஒன்றுக்கு 1 ரூபாய் 50 காசு. மின்சாரமும் கடன் தவணையும் சேர்ந்து 75 காசு. ஆக அடக்க விலை 4 ரூபாய் 25 காசு. கடைக்காரர் தர இசைவதோ 4 ரூபாய். தட்டு ஒன்றுக்குக் கால் ரூபாய் நட்டம். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நட்டம். எவ்வளவு அதிகமாக உழைக்கின்றனரோ, அவ்வளவு நட்டமும் பெருகும்.

இக்கணக்குக்கு வேண்டிய முக்கிய விவரங்கள் நான்கு: மட்டையின் விலை, வண்டி வாடகை, நாள் உற்பத்தி, வாங்குபவர் தரும் விலை. இவற்றை இரண்டாம் நாள் மாலைக்குள் திரட்டிவிடலாம். ஒருவர் மட்டை வியாபாரியிடம் தொலைபேசியில் விசாரிக்கலாம். ஒருவர் கோயிலுக்கும், ஒருவர் திருமணச் சமையல் ஒப்பந்தக்காரரிடமும், ஒருவர் சிற்றுண்டிக் கடைகளுக்கும் சென்று வரலாம். அவர்கள் தொன்னை கேட்டதையும் அன்றே அறிந்திருப்போம். தொன்னைக்குரிய அச்சினை வாங்குவதா, தொழிலையே கைவிடுவதா என்பதைக் கடன் மனு எழுதுவதற்கு முன்பே முடிவு செய்திருப்போம்.

ஊராட்சியில் நடத்தும் வழி

நகரத்து முறையை அப்படியே கிராமத்திற்குக் கொணர்தல் இயலாது. பால் கறக்கும் வேளையையும், வீட்டில் உள்ள குழந்தைகளையும் விட்டு 54 மணி நேரம் அமர்ந்திருக்க நம் பெண்களால் முடியாது. ஆகவே கூட்டத்தைக் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அமைத்து, இரண்டு அல்லது மூன்று நாள்களுக்குப் பகிர்ந்துகொள்வது பொருத்தம். பள்ளி விடுமுறை நாளில் ஒரு வகுப்பறையே போதும். செலவு மதிய உணவும் தேநீரும் ஆகும். அறிவிப்பைக் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கூடும் கிராம சபையிலேயே வெளியிடலாம்.

குழு அமைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தெருவுக்கு ஒரு குழு, உறவுக்கு ஒரு குழு என்று பிரிந்தால் முயற்சியின் பயன் கெடும். வாக்கெடுப்பு சீட்டில் எழுதி இரகசியமாக நடைபெறுதல் நலம். ஊராட்சித் தலைவரும் அலுவலர்களும் முதலில் பேசுதல் கூடாது. அவர்கள் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையசைப்பதோடு நின்றுவிடுவர்.

நடுவர்களாக அருகிலுள்ள ஊரின் மளிகை வணிகர், உணவு விடுதி உரிமையாளர் போன்ற உண்மையான கொள்முதல்காரர்களை அழையுங்கள். வங்கி மேலாளரும், மாவட்டத் தொழில் மைய அலுவலரும் வந்தால் கடன், மானியம் பற்றிய ஐயங்கள் தீரும். உணவுப்பொருள் தொழிலாயின் உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் அழைத்தல் வேண்டும். தேறிய யோசனைகளுக்கு மேற்கொண்டு வழிகாட்ட, தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் என்ற அரசு அமைப்பு உள்ளது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாங்குபவர் உளர், விலை கட்டும் என்பவற்றை மட்டுமே இரண்டு நாளில் அறியலாம். மாவு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், ஒரு விதை இம்மண்ணில் எவ்வாறு விளையும் என்பவற்றுக்குக் காலம் தேவை. பயிர் தன் பருவத்தில்தான் விளையும். அத்தகைய யோசனையாயின், முதலில் ஒரு சிறு அளவில் செய்து பார்த்துப் பின்னர் முதலீட்டைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

விவாதிக்க வேண்டிய வினாக்கள்

அடுத்த முறை ஒரு தொழில் யோசனை ஊராட்சியின் முன் வரும்பொழுது, உறுப்பினர்கள் பின்வரும் வினாக்களைக் கேட்பார்களாக:

1. இப்பொருளை வாங்கக்கூடிய எத்தனை பேரை நேரில் சந்தித்தீர்கள்? அவர்கள் கூறிய விலை என்ன?

2. அவர்களுள் எவரேனும் முன்பணம் தந்தனரா? புகழ்ந்து பேசியவர் வேறு, பணம் தந்தவர் வேறு.

3. மூலப்பொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு, எந்தெந்த மாதங்களில் கிடைக்கும்?

4. இயந்திரம் வாங்காமல், வாடகைக்கு எடுத்தோ கையால் செய்தோ முதல் 50 உருப்படிகளை விற்க இயலுமா?

இந்நான்குக்கும் விடை உள்ள குழுவுக்குத் தயங்காமல் துணை நில்லுங்கள். விடை இல்லையெனில், யோசனையைப் பழிக்காது, இரண்டு நாள் அவகாசம் கொடுத்துக் கடைத்தெருவுக்கு அனுப்புங்கள். நான் அன்று கையொப்பம் இடுவதற்கு முன் செய்யத் தவறியது அதுவே.