கண்ணப்பநாயனார் படத்தைக் கற்பிக்கும் முறை

கண்ணப்பநாயனார் படத்தைச் சுவரிலே தூக்கிப் பாடஞ் சொல்லும்போது, மாணாக்கருள் ஒருவன், "சுவாமிமேலே காலை வைக்கலாமா?" என்று வினாவுதல் வழக்கம். "அவர் ஒன்றுமறியாத வேடர்" என்று விடைகூறி அப்பாற் செல்லுதல் எளிது. அவ்விடை படத்தின் பொருளை மறைத்துவிடும். ஆதலின், அவ்வினாவையே பாடத்துக்கு வாயிலாகக் கொள்ளுதல் நன்று என்போம்.

முதலிலே திசையை உணர்த்துக. இலிங்கம் நம்மை நோக்கியிருப்பின், சுவாமியின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகும். 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தின்படி, திண்ணனார் வழிபட்ட 6 ஆம் நாளிலே, திருக்காளத்தியப்பரது வலத்திருக்கண்ணில் உதிரம் பெருகிற்று. திண்ணனார் தமது கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்ப, உதிரம் நின்றது. பின்னர் இடத்திருக்கண்ணிலும் உதிரம் பெருகிற்று. படம் காட்டுவது இந்த நேரத்தையே.

இனி நாயனாரது முகத்தை நோக்குக. ஒரு கண் முன்னமே போயிற்று. மற்றைக் கண்ணையும் அகழ்ந்தபின் அப்பவேண்டிய இடத்தை எங்ஙனம் காண்பார்? அதன்பொருட்டே இடக்காலை அத்திருக்கண்ணில் ஊன்றினார். அஃது அவமதிப்பன்று, அடையாளம். தமக்கு வரும் இருளை நினைந்து அஞ்சாது, சுவாமிக்குச் செய்யும் சிகிச்சை தவறலாகாதென்றே அவர் அஞ்சினார்.

அடுத்துத் தரையை நோக்குக. வில்லும் பச்சிலையும் அங்கே கிடத்தல் வேண்டும். வரையப்படாவிடின் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டுக. முதலிலே திண்ணனார் வில்லை எடுத்துப் பகைவரைத் தேடினார், ஒருவரையும் காணவில்லை. பின்பு மலைச்சாரலிலே மூலிகை தேடிக் கொணர்ந்து பிழிந்தார்; உதிரம் நிற்கவில்லை. அதன்பின்னரே, ஊனுக்கு ஊனே மருந்தென்னும் பழமொழியை நினைந்து தம்மையே மருந்தாக்கினார். சினம், முயற்சி, தியாகம் என்னும் மூன்றும் இம்முறையே நிகழ்ந்தன என்பதை மாணாக்கர் உணர்க.

படத்தின் நடுவிலே இரண்டு இயக்கங்கள் எதிர்ப்படுகின்றன. நாயனாரது கால் இலிங்கத்தை நோக்கிச் செல்கின்றது. இலிங்கத்தினின்றும் தோன்றிய திருக்கரம் அம்புபிடித்த அவர் கையைத் தடுக்கின்றது. அந்த அம்பு கண்ணிலே தைக்கவில்லை. கண்ணை அகழ்தல் நாம் பின்பற்றற்குரிய செயலன்று என்பதையும், பிறர் துன்பத்தைத் தம்முடையதாகக் கொள்ளும் அன்பே கற்கத்தக்கது என்பதையும் சிறுவர்க்கு இவ்விடத்திலே தெளிவாகச் சொல்லுக.

மறைவிலே நிற்பவர் சிவகோசரியார். ஆகமவிதிப்படி பூசித்த அவர், இலிங்கத்தின் முன் இறைச்சியைக் கண்டு வருந்தியவர். அவருக்கு இவ்வன்பைக் காட்டுதற்கே இறைவர் கண்ணிற் குருதி பெருகச் செய்தார். விதியறிந்த ஆசிரியராகிய நாமும் அவர் நின்ற இடத்திலேயே நிற்கின்றோம்.

வினாக்கள்

1. நாயனார் காலை ஊன்றியது யாதுகாரணம்?
2. வில்லும் பச்சிலையும் எவற்றைக் குறிக்கும்?
3. சிவகோசரியார் இப்படத்தில் இல்லையாயின் நாம் எதனை இழப்போம்?