குறுக்குவில் அம்புகள்: மண்ணில் எஞ்சியவை

அன்புள்ள கயல்விழிக்கு,

இடைக்கால ஐரோப்பாவின் குறுக்குவில்லுக்கு உரிய அம்பு குட்டையானது, தடித்தது. 1545-இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவில் அம்புகள் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம். குறுக்குவில் அம்போ பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ.தான். இந்த வில்லில் நாண் பாயும் தூரம் குறைவு என்பதால் நீண்ட அம்பு தேவைப்படவில்லை. வில்லைப் பொருத்திய கட்டையின் மேல் அம்பு படுத்திருப்பதால் அடியில் இறகு வைக்க இடமும் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே வைத்தார்கள். பறவை இறகுக்குப் பதிலாக மெல்லிய மரச்சீவலோ தோலோ பொருத்தியதும் உண்டு.

இவை மண்ணில் முழுதாகக் கிடைப்பது அரிது. மரம் மட்கிவிடும், இரும்பு முனை மட்டும் துருக்கட்டியாக எஞ்சும். எக்ஸ்ரே படத்தில்தான் அதன் வடிவம் தெரியவரும். காம்பு செருகிய குழலுக்குள் சில நேரம் மரநார் துருவில் ஊறி இறுகிக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்து அது எந்த மரம் என்று சொல்லிவிடலாம். நெடுவில்லின் முனையா, குறுக்குவில்லின் முனையா என்பதை எடையும் குழலின் விட்டமும் காட்டும். ஆனால் இரண்டிலும் சேராமல் நடுவே நிற்பவை பல. அருங்காட்சியகச் சீட்டில் உறுதியாக எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

இந்த ஐயத்துக்கு அப்பால் முனையின் வேலையைக் காட்டும் இடம் ஒன்று உண்டு: இன்றைய சுவீடனின் கோட்லாந்துத் தீவிலுள்ள விஸ்பி நகரம். 1361 ஜூலை 27 அன்று டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமாரின் படை, நகர மதிலுக்கு வெளியே தீவின் உழவர் படையை வெட்டிச் சாய்த்தது. கோடை வெயில், குவிந்த பிணங்கள். பலரைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் பெருங்குழிகளில் புதைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் குழிகளைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. சில மண்டையோடுகளில் சதுர ஓட்டைகள். நாற்பட்டையாக அடித்துக் கூராக்கிய இரும்பு முனை விட்டுச்செல்லும் தடம் அது. இரும்பு வளையங்களைக் கோத்த கவசத்தில் அத்தகைய முனை வளையத்தை நெம்பிப் பிளந்து உள்ளே போகும்.

இத்தகைய முனைகளை எங்கே செய்தார்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இங்கிலாந்தின் டீன் காட்டில் இரும்புத் தாதும் கரிக்கு மரமும் அருகருகே கிடைத்தன. 13ஆம் நூற்றாண்டில் அங்குள்ள செயின்ட் பிரியாவெல்ஸ் கோட்டை அரசரின் அம்புப் பட்டறையாக இருந்தது. ஜான் மாலெமார்ட் என்ற கைவினைஞர் நாளொன்றுக்கு 100 அம்புகள் செய்து தர வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்புடன்,
சித்தப்பா