ஸ்லோ பர்ன் காதல் நாவல் எழுத அக்காவின் 6 டிப்ஸ்

பெரிய நகரம், ரெண்டு பொண்ணுங்க, மெதுவா பத்திக்கிற காதல்னு ஒரு நாவல் எழுதப் போறியா தங்கச்சி? பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி பாட்ரீசியா ஹைஸ்மித்தோட ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலைப் படிச்சிடு. 1952-ல வந்தது. 2015-ல ‘கரோல்’னு படமாவும் வந்துச்சு. படத்தோட நிறுத்திடாதே, கத்துக்க வேண்டியது நாவல்லதான் இருக்கு. முடிவு வரைக்கும் சொல்லப் போறேன், கோவிச்சுக்காதே.

1. தடையை முதல்ல முடிவு பண்ணு

ரெண்டு பேரும் ஏன் உடனே சேர முடியாதுன்னு ஒரே வரியில எழுதி வை. ஹைஸ்மித்தோட நாவல்ல வர்ற தெரீசுக்கு வயசு 19. கடையில சம்பளத்துக்கு நிக்கிறா, கல்யாணம் பண்ணிக்கலாம்னு ஒருத்தன் விடாம கேட்கிறான். அவ காதலிக்கிற கரோலுக்கோ விவாகரத்து நடக்குது, மகள் யார்கிட்ட வளரணும்னு இழுபறி. காரணமே இல்லாம தள்ளிப்போட்டா அது மெகா சீரியல் ஆயிடும்.

2. ஊருக்கு ஒரு வேலை கொடு

வாடகை ரூம்ல இருக்கிற சேல்ஸ் கேர்ள் தெரீசும் நியூஜெர்சி பங்களாக்காரி கரோலும் நேருக்கு நேர் பேச எங்க முடியும்? கிறிஸ்துமஸ் கூட்டம் நெரியுற நியூயார்க் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல முடியும். ஹைஸ்மித்தே 1948 டிசம்பர்ல ப்ளூமிங்டேல்ஸ் கடையில பொம்மை வித்தவங்கதான். ஃபர் கோட் போட்டு வந்த ஒரு அம்மாவைப் பார்த்த அன்னிக்கே கதைச் சுருக்கத்தை எழுதிட்டாங்க. உன் கதை சென்னையில நடந்தா, சந்திக்கிற இடம் லேடீஸ் ஹாஸ்டலா, மின்சார ரயில் மகளிர் பெட்டியா? அதைத் தீர்மானிச்சுட்டு உட்காரு.

3. படிப்படியா ஏத்து

கடையில கரோல் டெலிவரிக்குக் கொடுத்த விலாசத்துக்கு தெரீஸ் ஒரு வாழ்த்து அட்டை அனுப்புறா. அதுல பேர் கிடையாது, ஊழியர் நம்பர் மட்டும். கரோல் கடைக்கு போன் பண்றா. அப்புறம் ஒரு லஞ்ச், அப்புறம் வீடு, அப்புறம் கார்ல மேற்கே ஒரு நீண்ட பயணம். ஒவ்வொரு படியிலயும் பின்வாங்குற வழி குறையுது பாரு. உன் காட்சிகளையும் அப்படியே வரிசைப்படுத்து.

4. ஒருத்தி கண்ணாலயே பார்

நாவல் முழுக்க தெரீசோட பார்வைதான். கரோல் மனசுல என்ன ஓடுதுன்னு நமக்கும் தெரியாது. அதனால அவ ஒரு பேச்சைப் பாதியில நிறுத்தினாக்கூட நாமளும் சேர்ந்து தவிக்கிறோம். ரெண்டு மனசையும் மாத்தி மாத்தித் திறந்து காட்டினா தவிப்பு செத்துடும்.

5. சேர்ந்த பிறகும் விடாதே

பயணத்துல ரெண்டு பேரும் ஒண்ணு சேர்றாங்க. ஆனா கரோலோட கணவன் ஏற்பாடு பண்ணின துப்பறியும் ஆள் பின்னாடியே வந்து, அறையில பேசுறதை ரகசியமா பதிவு பண்ணிடுறான். மகளோட இருக்கிற உரிமையே கரோலுக்குக் கைநழுவுது. இன்னிக்குச் சென்னையில நடக்கிற கதையில சட்டத்தால வர்ற இந்தத் தடையை அப்படியே வைக்காதே. ஒரே பாலின உறவைக் குற்றமாப் பார்த்த 377-வது பிரிவுல இருந்து இந்த உறவை உச்ச நீதிமன்றம் 2018-லயே விடுவிச்சிடுச்சு. அம்மா கொண்டு வர்ற வரன், ஹவுஸ் ஓனர் கேக்குற கேள்வி, இதையெல்லாம் எழுது.

6. யாரையும் சாகடிக்காதே

அந்தக் காலத்து அமெரிக்க நாவல்கள்ல பெண்ணைக் காதலிக்கிற பெண்கள் பெரும்பாலும் உயிரை விடுவாங்க, இல்ல ஒரு ஆம்பளைகிட்ட திரும்பிப் போவாங்க. ஹைஸ்மித் ரெண்டு பேரையும் சேர்ந்து வாழ விட்டாங்க. அதுக்காகவே வாசகர்கள் கடிதமா எழுதிக் குவிச்சாங்க. ஆனா அட்டையில இருந்த பேர் க்ளேர் மார்கன். சொந்தப் பேர்ல அந்த நாவல் வர 1990 ஆச்சு.

உனக்கும் வீட்டை நினைச்சு பயமா இருந்தா புனைபெயர்ல எழுது, தப்பே இல்ல. ஆனா அந்த பயத்துல முடிவை மட்டும் மாத்திடாதே.