மலையேறும் பழைய ஜீப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழனி மலைத்தொடரில் பழைய ஜீப்புக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் காபி மூட்டையும் மலைவாழைத் தாரும் இறக்குவதற்கும், பூம்பாறை, மன்னவனூர் பக்கத்தில் பூண்டும் கேரட்டும் ஏற்றுவதற்கும், பேருந்து போகாத தோட்டத்துப் பாதையில் ஆட்களைக் கொண்டுபோவதற்கும் இருபது, முப்பது வருஷம் ஓடிய மகிந்திரா ஜீப்புகளைத்தான் இன்னும் நம்பியிருக்கிறார்கள். இப்போது கீழ்நாட்டிலிருந்தும் இவற்றைத் தேடி வருகிறார்கள். வண்டி கைமாறும்போது அதோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் கைமாறுகின்றன. பல நம்பிக்கைகளால் பணம்தான் வீண். சிலவற்றால் உயிரே போகும். உயிர் போகும் விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

“இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம்”

மிச்சமாகாது, கூடுதலாகத்தான் செலவாகும். கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பம்பில் உள்ள கவர்னர் எண்ணெயை நிறுத்திவிடும். அப்போது எஞ்சினைச் சுற்றுவது சக்கரங்கள்தான். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக பம்ப் டீசலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினையும் அணைத்துவிட்டு இறக்குகிறவர்கள் உண்டு. வேக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் சில மிதிகளுக்குத்தான் பூஸ்டர் உதவும். அதன்பிறகு பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி லேசில் நிற்காது.

டீசல் காசு போகட்டும். லோடு ஏற்றிய ஜீப் ஒன்றரை டன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வத்தலக்குண்டு 300 மீட்டரை ஒட்டி. அந்த 1,800 மீட்டரை இறங்கும்போது வண்டி விட்டுக்கொடுக்கும் ஆற்றலை வெப்பமாக்கினால் 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். டயரும் எதிர்க்காற்றும் அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் நான்கு பிரேக் டிரம்களும் வாங்க வேண்டும். நியூட்ரல் போட்டவர் எஞ்சினை ஒதுக்கிவிட்டு முழுச்சுமையையும் டிரம்களின் தலையில் வைக்கிறார்.

டிரம் சூடானால் விரியும். உள்ளே இருக்கும் ஷூ அதைத் தொடக் கூடுதலாக நகர வேண்டியிருப்பதால் பெடல் கீழே போகும். ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிமானத்தை இழக்கும். டம்டம் பாறை தாண்டி வரும்போது மூக்கில் ஏறுகிற கருகல் வாடை இதுதான். அந்த வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, டயருக்குக் கல் வைத்து, தானாக ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு டிரம்மில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும்.

இதைவிட ஆபத்தானது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தரநிர்ணயம் கேட்பதே 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் நிற்கிற வண்டிக்கு இந்த ஈரம் இன்னும் சீக்கிரம் ஏறும். அளவு குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிவிட்டு, ‘ஆயில் இருக்கிறது’ என்று திருப்திப்பட்டுக்கொள்வதுதான் இங்கே பெரும்பாலோர் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதையும் வெளியேற்றிப் புதிது நிரப்ப வேண்டும். பழைய வண்டியில் செய்கிற செலவுகளில் இவ்வளவு குறைந்த பணத்துக்கு இவ்வளவு பெரிய காவல் வேறு எதிலும் கிடைக்காது.

ஜிப்சியிலிருந்து டீசல் ஜீப்புக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை த்ராட்டில் அடைத்துக்கொள்வதால் கியர் பிடி அதிகம். பழைய டீசலில் அந்த அடைப்பு இல்லாததால் பிடி குறைவு. ஜிப்சி மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் ஜீப்புக்கு இரண்டாவது தேவைப்படலாம்.

“ஃபோர் வீல் போட்டால் வழுக்காது, நன்றாக நிற்கும்”

பாதி உண்மை, அதனால்தான் இதை நம்புகிறார்கள். சேற்றில் ஏறவும் கிளம்பவும் ஃபோர் வீல் உதவும். நிறுத்துவதற்குக் கூடுதலாக ஒன்றும் தராது, ஏனென்றால் எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் இருக்கிறது. மழை நேரத்தில் தைல மரத்து இலையும் பைன் ஊசியும் படிந்து கிடக்கும் வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது டயர் மட்டுமே. தேய்ந்த டயரோடு ஃபோர் வீல் லீவரை நம்பி வளைவுக்குள் நுழைகிறவர் ஏமாந்துபோவார்.

தார்ச்சாலையில் போட்டால் கெடுதல்தான். பழைய மகிந்திரா ஜீப்புகளிலும் ஜிப்சியிலும் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போட வேண்டிய ஏற்பாடு. முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுக்கிக் கட்டிவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடும். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க இடமில்லை, முறுக்கம் முழுவதும் புரொபெல்லர் ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் கியர் பற்களிலும் ஏறும். கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் பாதையில் இந்த முறுக்கம் எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங் கனத்து, லீவர் வெளியே வராமல் இறுகியிருந்தால் அதுதான் அடையாளம். கொஞ்சம் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் தளர்ந்து கழன்றுவிடும்.

மறுபக்கம், ‘போடாமல் வைத்திருந்தால் தேயாது’ என்பதும் தவறு. மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் போட்டு ஓட்டினால்தான் முன் அச்சின் உள்ளுறுப்புகளில் எண்ணெய் பரவும். மழைக்கால ஓடைகளைக் கடக்கிறவர்கள் ஹவுசிங்கின் பிரீதரையும் பார்க்க வேண்டும். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வடிகட்டும்போது கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் உடனே மாற்றுங்கள்.

“ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கல் எதற்கு?”

வில்லிஸ் வழிவந்த பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கிறது. சாதாரணமாக நிற்கும்போது நன்றாகப் பிடிக்கும். பஞ்சர் பார்க்கப் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதை வேறு. ஷாஃப்ட் நின்றிருந்தாலும், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் உருளுவதை டிஃபரன்ஷியல் அனுமதிக்கும். சரிவில் வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும். டயருக்குக் கல் வைக்கும் அந்தக் காலத்து கிளீனர்களின் பழக்கத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். இந்த வகை ஹேண்ட் பிரேக்கை ஓடும்போது இழுக்கவும் கூடாது. மொத்த அடியும் ஷாஃப்ட்டிலும் கிராஸிலும் விழும்.

“மேலே வந்ததும் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது, எஞ்சின் போச்சு”

மதுரையில் நன்றாக ஓடிய வண்டி பெருமாள்மலை தாண்டியதும் திணறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான். கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குகூட இல்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். எம்எம் 540 ஜீப்பில் வந்த 2,112 சிசி பியூஜோ டீசல், புதிதாக இருந்தபோதே 60 குதிரைத்திறனை ஒட்டித்தான் கொடுத்தது. மேலே வந்தால் அதில் பத்துப் பன்னிரண்டு காணாமல் போகும். இது நோய் அல்ல.

புகைக்கும் காரணம் இதுவேதான். பழைய மெக்கானிக்கல் பம்புக்குக் காற்று குறைந்தது தெரியாது, கீழே ஊற்றிய அதே அளவு டீசலை ஊற்றும். எரியக் காற்றில்லாத டீசல் கரும்புகையாகப் போகிறது. இந்த நேரத்தில் ‘பிக்கப் இல்லை, பம்பைக் கொஞ்சம் ஏற்றி வை’ என்று சொல்வதைப்போல எஞ்சினுக்குக் கெடுதல் வேறில்லை. புகை கூடும், வெளியேறும் வாயுவின் சூடு கூடும், பிஸ்டனும் வால்வும் கருகும். மலையிலேயே வாழ்கிற வண்டிக்கு அளவைச் சற்றுக் குறைப்பதுதான் சரி, அதையும் சோதனைக் கருவி உள்ள டீசல் பம்ப் பட்டறையில் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைபட்ட ஃபில்டர் இருக்கிற கொஞ்சக் காற்றையும் மறித்துவிடும்.

கரும்புகை ஒன்று, நீலப்புகை வேறு. சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அப்போது எஞ்சினைச் சந்தேகிக்கலாம்.

“தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது”

கீழ்நாட்டுப் பட்டறைகளில் இது கிட்டத்தட்ட சடங்காகவே ஆகிவிட்டது. வாங்கிவரும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்த வால்வு இருப்பதில்லை. எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைப்பது அதன் வேலை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊரில் அது இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் நாள் முழுக்கக் குளிர்ந்தே ஓடும். டீசல் அரைகுறையாக எரியும், எரியாதது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். ஏற்றத்தில் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட் தளர்வு, மூடியின் ரப்பர் ஆகியவற்றில்தான் காரணம் இருக்கும்.

மூடியை இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அதைத் தடுத்து வைப்பது மூடி தரும் அழுத்தம்தான். ஓட்டை மூடியோடு வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவருக்குக் கீழ்நாட்டைவிட மேலே சீக்கிரம் கொதிக்கும்.

“ஒரு லட்சத்துக்கு மேல் ஓடிய வண்டி வேண்டாம்”

பழைய ஜீப்புகள் பலவற்றில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் நின்றுபோன மீட்டர்களும் ஏராளம். அந்த எண்ணை வைத்து விலை பேசுவதில் அர்த்தமில்லை. உண்மையாகவே குறைவாக ஓடிய வண்டியும் நல்லது என்று சொல்ல முடியாது. ஷெட்டிலோ ஏலத்துக்கு முன் திறந்தவெளியிலோ கிடந்த வண்டியில் சீல் காய்ந்திருக்கும், டீசல் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும், டயர் தேயாமலே விறைத்திருக்கும்.

அதிகாலையில், விற்பவர் ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன்னால் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறதா? ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. அடுத்து இறக்கத்தில் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரை விடுங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும் கியர் பாக்ஸைச் சரிசெய்யாமல் அந்த வண்டியில் காட் ரோடு இறங்கக் கூடாது. கடைசியாகக் கீழே படுத்து, சேஸிஸில் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடங்களையும் ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். எஞ்சினைப் புதுப்பிக்கலாம். துருவில் உதிரும் சேஸிஸை, அதுவும் புதுப் பெயின்ட் அடித்து மறைத்ததை, வாங்காமல் விடுவதே நல்லது.

“15 வருஷமானால் உடைத்துவிட வேண்டும்”

டெல்லிப் பகுதியில் பழைய டீசல் வண்டிகளுக்கு விதித்த தடையைப் பற்றிய செய்தி இங்கே வந்து இப்படித் திரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி விதி இல்லை. முதல் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். பசுமை வரி கட்ட வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் மேலும் உயர்த்தினார்கள். 15 ஆண்டோடு கட்டாயமாக முடிவுக்கு வருவது அரசுத் துறை வண்டிகள்தான், அதுவும் 2023 ஏப்ரல் முதல். வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு ஜீப் எட்டு வருஷம் கடந்தால் ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும்.

பதிவு புதுப்பிக்கையில் உண்மையில் சிக்குவது வேறொரு இடத்தில். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் பலவற்றுக்குப் பின்னாளில் டீசல் எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன், எஞ்சின் பிளாக்கிலும் சேஸிஸிலும் பொறித்த எண்களைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, ஆர்சியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பெட்ரோல் என்று இருந்து வண்டி டீசலில் ஓடினால், விற்பவர் பெயரிலேயே அதைத் திருத்தி வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மீதியைப் பேசுங்கள்.